பாம்பானவன் இந்திரன் அல்ல, நகுஷன்

"அகத்தியரை உதைத்த இந்திரன் பாம்பாகி, பாபநாசத்தில் தாமிரபரணியில் குளித்து மீண்டான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

உதைத்தவன் நகுஷன், சந்திர குலத்து மனித அரசன். விருத்திரன் என்ற அசுரனைக் கொன்ற பாவத்துக்கு அஞ்சி இந்திரன் ஒளிந்தபோது அரியணையில் அமர்த்தப்பட்டவன். இந்திராணி மேல் ஆசைப்பட்டு முனிவர்களையே பல்லக்குச் சுமக்க வைத்தான். மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் அவன் கால் அகத்தியர் தலையில் படுகிறது. 10,000 ஆண்டு பாம்பாகக் கிட என்பது சாபம். பல்லக்கு சுமந்த முனிவரை நகுஷன் 'சர்ப்ப, சர்ப்ப' என்று விரட்டியதாகவும் புராணங்கள் சொல்லும். அந்தச் சொல்லுக்கு 'நகர்' என்றும் பொருள், 'பாம்பு' என்றும் பொருள். அவன் வாயிலிருந்தே சாபம் பிறந்துவிட்டது!

மீண்ட இடமும் பாபநாசம் இல்லை. வன பர்வத்தில், இமயக் காட்டில் பீமனைச் சுற்றிப் பிடித்த மலைப்பாம்பு இவன்தான்; தருமர் பதில் சொன்னதும் விடுபட்டான். பாபநாசத் தலவரலாற்றில் வருவது இந்திரனின் பிரம்மகத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற பாவம், நீங்கிய கதை. அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அங்கே அகத்தியர் பெற்றது சிவபெருமானின் திருமணக் காட்சி.