சவுத்கேட் மேல் நான் ஏன் பந்தயம் கட்டவில்லை

போன வாரம் முழுக்க எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இராத்திரி வேலை. கொழுந்து மேல்மாடியில் வாடிக்கொண்டிருக்கும்போது நமக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. (தோட்டத்து மேலாளரான பெரிய துரை முகநூலில் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.) ஹட்டனில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாகத் தள்ளிக்கொண்டிருந்தான். பழைய சண்டைதான். 2024 ஜூலையில் இங்கிலாந்து காற்பந்து அணியின் கோச் வேலையை விட்டதிலிருந்து, இங்கிலாந்துக் கழகங்களின் பிரீமியர் லீக்கில் எந்தக் கழகத்தின் கோச் நாற்காலி ஆடினாலும் கரெத் சவுத்கேட்டின் பெயர் வந்துவிடுகிறது. "ரெண்டு தடவ யூரோ (ஐரோப்பிய நாட்டு அணிகளின் போட்டி) ஃபைனல், ஒரு தடவ உலகக் கிண்ண செமி. இதுக்கு மேல என்னடா வேணும்?" என்று கேட்கிறான்.

இருக்கட்டும். ஒரு நாட்டின் அணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதை வைத்து ஒருவர் கழகத்தில் என்ன செய்வார் என்று சொல்லவே முடியாது என்பது என் கட்சி.

லூயிஸ் பிலிப்பே ஸ்கொலாரியைப் பாருங்கள். 2002இல் பிரேசிலுக்கு உலகக் கிண்ணம், 2004இல் போர்த்துக்கலுக்கு யூரோ இறுதிப் போட்டி. 2008 ஜூலையில் செல்சி கழகத்துக்கு வந்தார், 2009 பெப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம். அடுத்து ஹான்சி பிளிக். ஜேர்மனியோடு கட்டார் உலகக் கிண்ணத்தில் முதல் சுற்றிலேயே வெளியே. 2023இல் சொந்த மண்ணில் ஜப்பானிடம் 4-1. அதோடு வேலை போனது. அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை, நானும் செய்தேன். அதே மனிதர் பார்சிலோனாவுக்குப் போன முதல் பருவத்திலேயே ஸ்பெயினின் லா லிகா, கோபா டெல் ரே, சூப்பர் கிண்ணம் மூன்றையும் தூக்கினார். லூயிஸ் என்ரிக்கே கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2022இல் ஸ்பெயினோடு மொரோக்கோவிடம் பெனல்டியில் தோற்றுத் தலைகுனிந்து போனவர், 2025இல் பாரிஸ் அணியோடு இன்டர் மிலானை 5-0 என்று அடித்து ஐரோப்பியக் கழகங்களின் சாம்பியன்ஸ் லீக்கை வாங்கினார்.

ஏன் இப்படி நடக்கிறது? இதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் ஐரோப்பாவிலிருந்து வரவில்லை, எங்கள் தோட்டத்திலிருந்து வந்தது.

எங்கள் தோட்டத்து மைதானத்தில் ஒரு பக்கத்துக் கோல் கம்பம் மறுபக்கத்தைவிட ஓர் ஆள் உயரம் மேலே நிற்கும். பந்து வெளியே போனால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும், வரும்போது காலில் இரண்டு அட்டையோடு வருவோம். அந்தக் காலத்தில் வட்டாரத்தில் ஒரு மாஸ்டர் இருந்தார். பெயர் வேண்டாம். ஐந்தாறு தோட்டங்களிலிருந்து பொடியன்மாரைப் பொறுக்கி ஒரு கூட்டு அணி போடுவார். இரண்டு வருடம் தொடர்ந்து பொங்கல் போட்டியில் கிண்ணம் அவர்களுக்குத்தான். அவர் கண் அப்படி. யாரை யார் பக்கத்தில் நிறுத்தினால் ஓடும் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். சரி, இவ்வளவு கெட்டிக்கார மனிதர் என்று எங்கள் தோட்டத்து டிவிஷன் அணிக்குக் கூட்டிவந்தோம்.

எங்களிடம் இருந்ததே 14 பேர். அதில் ஒருவன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான், இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமையானால் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போவார்கள். நான் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். மேலே ஏறினால் திரும்பி வர மறந்துவிடுவேன். மாஸ்டர் என்னைப் பார்ப்பார், தலையில் அடித்துக்கொள்வார், அப்புறம் வேறு ஆள் இருக்கிறானா என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். கூட்டு அணியில் அவருக்கு எப்போதும் ஒரு வேறு ஆள் இருந்தான், பக்கத்துத் தோட்டத்திலிருந்து. இங்கே கிடையாது. முதல் சுற்றிலேயே போனோம்.

என்னைத் திருத்தியவர் கிண்ணம் எதுவும் வாங்காத ஒரு கங்காணி மாமா. மைதான ஓரத்தில் ஒரு கல்லை நட்டார். நான் அதைத் தாண்டி ஏறும்போதெல்லாம் விசில். சாயந்தரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் வந்து, ஒரு மாதம், தினமும் விசில். காது வலித்தது, ஆனால் திரும்பி ஓடக் கற்றுக்கொண்டேன்.

நாட்டு அணியின் பயிற்றுவிப்பாளர் அந்த மாஸ்டர் மாதிரி. இடது பக்கம் சரியில்லையா, நாடு முழுக்கத் தேடி இன்னொருவரை எடுக்கலாம். ஆனால் வீரர்கள் அவர் கையில் வருடத்துக்குச் சில வாரங்கள்தான். கழகத்துக் கோச்சுக்கு இது தலைகீழ். இருக்கிற ஆட்களோடு மாரடிக்க வேண்டும், ஆனால் தினமும் காலையில் அவர்கள் மைதானத்துக்கு வருவார்கள், தினமும் விசில் அடிக்கலாம். பிளிக்கின் ஆட்டம் தினசரி விசிலை நம்பியது. தடுப்பு வரிசையை மைதானத்தின் நடு வரைக்கும் ஏற்றி, நான்கு பேரும் ஒரே மூச்சில் அடியெடுத்து வைக்க வேண்டும். ஒருவன் அரை அடி பிந்தினால் கோல். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூடும் ஜேர்மனி அணிக்கு அதைப் பழக்க முடியவில்லை. பார்சிலோனாவில் பழக்கினார். 2024 ஒக்டோபரில் ரியல் மாட்ரிட்டை அவர்கள் வீட்டிலேயே 4-0 என்று அடித்த அன்று, மாட்ரிட் 12 தடவை ஓஃப்சைட் ஆனது, அதாவது பந்து வருமுன்னே அந்தத் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று மாட்டிக்கொண்டது. தொழிற்சாலை மூலையில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்து, சத்தம் போடாமல் சிரித்த இரவு அது.

அன்டோனியோ கொன்டேயும் அப்படித்தான். இத்தாலி நாட்டு அணியை விட்டு 2016இல் செல்சிக்கு வந்தபோது அந்தக் கழகம் முந்தைய பருவத்தில் 10ஆம் இடம், அதனால் ஐரோப்பியப் போட்டிகளே இல்லை. மற்றவர்கள் புதன்கிழமை விமானம் ஏற, இவர் பயிற்சி மைதானத்தில். ஆர்சனலிடம் 3-0 தோற்ற பின் பின்வரிசையை மூன்று பேராக மாற்றினார். அதற்குப் பிறகு லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி, கடைசியில் கிண்ணம். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அந்தப் புதன்கிழமைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

போகிற இடமும் முக்கியம். ரியல் மாட்ரிட்டுக்குப் போக ஒத்துக்கொண்டதற்காகத் தன் கோச் லொபெதேகியை 2018 உலகக் கிண்ணத்துக்கு முந்தின நாள் ஸ்பெயின் விரட்டியது. ரொனால்டோவை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்த மாட்ரிட். 14 ஆட்டம் தாங்கினார். கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் குட்டையாக நறுக்கிய) மலையில் உடனே கொழுந்து எடுக்க முடியாது என்று எங்கள் பாட்டிக்குக்கூடத் தெரியும், கழக முதலாளிமார் மறுநாள் காலையிலேயே தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதே லொபெதேகி 2020இல் செவியாவோடு யூரோப்பா லீக் வென்றார்.

மச்சான் இடையில் ஒரு நல்ல கேள்வி போட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கொலாரி போன பிறகு செல்சிக்கு வந்த ஹிடிங்க், அப்போதும் ரஷ்ய நாட்டு அணியின் கோச். இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்த்து, லீக்கில் ஒரே ஒரு தோல்வியோடு எஃப்ஏ கிண்ணத்தையும் எடுத்தாரே? உண்மைதான். ஆனால் அவர் இருந்தது மூன்றரை மாதம்தான். அது ஒரு நீண்ட உலகக் கிண்ணம் மாதிரி. மனம் உடைந்த ஆட்களை எழுப்பி நிறுத்தப் போதும், இரண்டாவது பருவத்தில்தான் கஷ்டமே தொடங்கும்.

இப்போது சவுத்கேட். அவரை நான் மட்டமாக நினைக்கவில்லை. பெனல்டி என்றாலே நடுங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்தை 2018இல் கொலம்பியாவுக்கு எதிராகப் பெனல்டியிலேயே ஜெயிக்க வைத்தார். அணிக்குள் அடிக்கடி எழும் கழகச் சண்டைகளை அடக்கினார். எல்லாமே மனதைச் சரிசெய்யும் வேலை. ஆட்டத்தின் நடுவே எதிரணி ஆட்ட முறையை மாற்றும்போதுதான் பிந்துவார். 2021இல் நடந்த யூரோ இறுதிப் போட்டியில் இரண்டாம் பாதி முழுக்க இத்தாலி நடு மைதானத்தைப் பிடித்து வைத்திருந்தது, இவர் பார்த்துக்கொண்டே நின்றார். நாட்டு அணியில் அந்தக் குறை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தெரியும். கழகத்தில் வருடத்துக்கு 38 தடவை.

மிடில்ஸ்பரோ கழகத்தில் கோச்சாக இருந்தாரே என்பான் மச்சான். இருந்தார், 12ஆம் இடம், 13ஆம் இடம், அப்புறம் 2009இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். அதை மட்டும் சொன்னால் அநியாயம். ஆட்டக்காரராக இருந்தவரை 35 வயதில் அப்படியே தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கடைசியில் கீழ்ப் பிரிவில் 4ஆம் இடத்தில் இருக்கும்போது, ஒரு ஆட்டத்தை ஜெயித்த இரவிலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். இன்னொரு வேடிக்கை: 2008 மே மாதம் அவருடைய மிடில்ஸ்பரோ மான்செஸ்டர் சிட்டியை 8-1 என்று அடித்தது. அன்று சிட்டியின் கோச் யார் தெரியுமா? இங்கிலாந்தின் முன்னாள் பயிற்றுவிப்பாளர் ஸ்வென் எரிக்சன்! அந்தப் பருவத்தில் மான்செஸ்டர் யுனைட்டடை இரண்டு ஆட்டத்திலும் வென்றவர், அடுத்த மாதமே வேலை இழந்தார்.

அதனால் என் கணக்கு இது. ஆட்களை வாங்க ஒரு கெட்டிக்காரர் இருக்கும், இளம் வீரர்கள் நிறைந்த, 9ஆம் இடம் வந்தாலே சந்தோஷப்படும் கழகம் என்றால் சவுத்கேட் நன்றாகச் செய்வார். மான்செஸ்டர் யுனைட்டட் மாதிரி ஒரு இடம் என்றால் ஒன்றரை வருடத்துக்கு மேல் தாங்க மாட்டார்.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. 2023இல் நம் நாட்டையே பீஃபா தடை செய்து மாதக்கணக்கில் மூலையில் உட்கார வைத்தது, நீ இங்கிலாந்துக் கோச்சுக்குத் தீர்ப்பு எழுதுகிறாய் என்று சிரிக்கிறான். ஹட்டன் டவுனில் இரண்டு கொத்து, இரண்டு பிளேன்டீ பந்தயம். இந்தப் பதிவை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறானாம். எடுக்கட்டும், என் கொத்துக்கு முட்டை இரண்டு போடச் சொல்ல வேண்டும்.