ஆமாம், நான் தட்டச்சு இயந்திரம்தான்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேச வந்தவர் சொன்னதைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. "தினமும் எழுதுகிறவன் எழுத்தாளன் இல்லை, தட்டச்சு இயந்திரம்" என்று மேடையில் சொல்லிவிட்டு, முதல் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. கூட்டமும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

யோசனை வந்தால்தான் உட்காருவேன் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வரட்டும், உட்காரட்டும். எனக்கு உட்கார்ந்த பிறகுதான் வருகிறது. அதுவும் பத்து நாளில் ஏழு நாள் வராது. லிஃப்டில் இருவர் பேசிக்கொண்டது, அறுந்த செருப்பு வார், பழைய கடிதத்தில் இருந்த அடித்தல் திருத்தல் என்று அரைப் பக்கத்தைக் குப்பையாக நிரப்பிவிட்டு எழுந்து போவேன். மிச்ச மூன்று நாளுக்கானது அந்தக் குப்பையில்தான் கிடக்கிறது. செருப்பு வார்தான் ஆறு மாதம் கழித்து அப்பாவின் நடையைப் பற்றிய கட்டுரையானது. செருப்பு அறுந்த அன்று எனக்கு எந்த அசரீரியும் கேட்கவில்லை.

தினமும் எழுதினால் தரம் குறையாதா என்பீர்கள். குறையும். எழுதியதையெல்லாம் அச்சிலேற்றச் சொன்னது யார்? பாடகர் விடிகாலையில் சாதகம் செய்தால் உழைப்பு, நான் செய்தால் இயந்திரமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப் இங்கிலாந்தில் தபால் துறை வேலையில் இருந்துகொண்டே, காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதினார். 47 நாவல்கள். அவரிடமும் போய்ச் சொல்லுங்கள்.

நேரம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்றால், அது நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

அப்புறம், கூட்டம் முடிந்து தோளில் தட்டி "21 நாள் விடாம எழுதுங்க, பழக்கமாயிடும்" என்ற நண்பருக்கு: பத்து வருடமாக எழுதுகிறவனிடம் சொல்கிற ஆறுதலா இது? அந்த 21 கணக்கும் சரியில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று வந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

நான் விட்டது ஒருநாள் இல்லை. அம்மா படுக்கையில் இருந்த நான்கு மாதம் ஒரு வரி எழுதவில்லை. திரும்ப நோட்டைத் திறந்த அன்று "இன்று எழுத ஒன்றும் இல்லை" என்று மட்டும் எழுதினேன், மறுநாளும் அதையே. பதினோராம் நாள்தான் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. அந்தப் பத்து நாள் வெறும் வரியை எழுதாமல் அகத்தூண்டுதலுக்காகக் காத்திருந்திருந்தால், இன்றைக்கு அவர் மேடையிலிருந்து கிண்டல் செய்ய நான் இருந்திருக்க மாட்டேன்.

இவ்வளவு பேசுகிறவர் இரண்டு வருடம் முன்பு என் கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கிப் போனார். எட்டு மாதம் கழித்து "அருமை" என்று திருப்பிக் கொடுத்தார். நான் நூலால் கட்டியிருந்த முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. அதைப் பற்றியும் அன்று ராத்திரியே அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.