ஒண்ணேகால் கிலோ பிளேட் எங்கப்பா போச்சு?

ஜிம்முல வெயிட் ஏத்தறது எப்படினு தேடினா வீடியோ கொட்டுது. ஜிம்முல அடுத்தவங்களோட எப்படி நடந்துக்கணும்னு பேசறவங்க ரொம்பக் கம்மி, பேசினாலும் அது ஏதோ ஒழுக்க வகுப்பு மாதிரி தனியா ஓடும். பல வருஷமா சாயங்காலக் கூட்டத்துக்கு நடுவுல ஒர்க்அவுட் பண்றவன்ங்கற முறையில சொல்றேன், ரெண்டும் ஒரே விஷயம்தான். புதுசா சேர்ற ஒரு பையன் ஆறு மாசத்துல ஒழுங்கா வெயிட் ஏத்தி வந்திருக்கானா, இல்ல தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டானாங்கறது அந்த ஜிம்முல பழைய ஆளுங்க எப்படி நடந்துக்கறாங்கங்கறதுல பாதி அடங்கியிருக்கு.

சின்ன பிளேட்ல இருந்தே ஆரம்பிக்கறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு நம்மூர் ஜிம் எதுக்கு வேணா போய் ஒண்ணேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி தேடிப் பாருங்க. ஒண்ணு லெக் பிரஸ் மெஷின் அடியில கிடக்கும், இன்னொண்ண யாரோ ஸ்குவாட் பண்ணும்போது குதிகாலுக்கு முட்டுக் கொடுத்துட்டு அங்கயே விட்டுட்டுப் போயிருப்பாங்க, ரெண்டரை கிலோ பிளேட் கதவு காத்துல அடிக்காம இருக்க வாசல்ல நிக்கும். பெருசு எல்லாம் பத்திரமா இருக்கும், ஏன்னா அதைத்தான் எல்லாரும் தேடுவாங்க. சின்னது காணாமப் போறதைப் பத்தி யாருக்கும் கவலை இல்ல. ஆனா வெயிட் ஏத்தற விஷயத்துல அந்தச் சின்ன பிளேட்தான் எல்லாமே.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருத்தர் ஓவர்ஹெட் பிரஸ், அதாவது பாரைத் தோள்ல இருந்து தலைக்கு மேல தூக்கறது, 25 கிலோல பண்றாருனு வைங்க. ஒண்ணேகால் கிடைக்கல, ரெண்டரைதான் இருக்கு, ரெண்டு பக்கமும் சேர்த்து அஞ்சு கிலோ ஏறுது. 25ல இருந்து 30னா ஒரேயடியா 20 சதவீதம், தோள்பட்டை அதை ஏத்துக்குமா? அதே ஆள் ஒண்ணேகால் ஜோடி போட்டா 27.5, பத்து சதவீதம்தான். அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி இருந்தா நாலு சதவீதத்துல முடிஞ்சிடும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரிங்கற அமைப்பு 2009ல வெளியிட்ட பரிந்துரையிலயும், நினைச்ச ரெப்பைவிட (ஒரு செட்ல எத்தனை தடவை தூக்கறோம்ங்கறதுதான் ரெப்) ஒண்ணு ரெண்டு கூட அடிக்க முடிஞ்சா 2 முதல் 10 சதவீதம் வரை ஏத்துங்கனுதான் இருக்கு. அந்த அளவுக்குள்ள நிக்கணும்னா சின்ன பிளேட் கையில இருக்கணும், அது இருக்கணும்னா எடுத்தவங்க எடுத்த இடத்துல வச்சிருக்கணும். அடுத்தவனோட அஞ்சு வாரத்து முன்னேற்றம் உங்க குதிகால் அடியில மாட்டிக்கிட்டு இருக்கலாம்ங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

"அஞ்சு கிலோகூட ஏத்த முடியலையா"னு கேக்கறவங்களுக்கு நம்ம பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவோட டோக்கியோ ஒலிம்பிக் கணக்கைச் சொல்றேன். 49 கிலோ பிரிவு, 2021 ஜூலை. ஒரே மூச்சுல தலைக்கு மேல தூக்கற ஸ்னாட்ச்ல 84 எடுத்தாங்க, அடுத்து 87 எடுத்தாங்க, அடுத்து 89 போனாங்க, அது முடியல. முதல்ல தோளுக்கும் அப்புறம் தலைக்கு மேலயும் தூக்கற கிளீன் அண்ட் ஜெர்க்ல 110, அப்புறம் 115, கடைசியா 117 முடியல. மொத்தம் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம். அந்த நேரத்துல கிளீன் அண்ட் ஜெர்க் உலக சாதனை 119 கிலோ அவங்க பேர்லதான் இருந்துச்சு. கிளீன் அண்ட் ஜெர்க்ல உலகத்துலயே அந்த எடைப் பிரிவுல அதிகமாத் தூக்கின பொண்ணு மூணு கிலோ, ரெண்டு கிலோ, மிஞ்சிப் போனா 110க்கு மேல அஞ்சு கிலோனுதான் ஏத்துறாங்க. பளுதூக்கும் போட்டியில பார்ல ஒரு கிலோ ஏத்தினாலே செல்லும், அதுக்காகவே அரைக் கிலோ பிளேட்டும் மேடைப் பக்கத்துல அடுக்கி வச்சிருப்பாங்க. நம்ம ஜிம்முல சேர்ந்து ரெண்டு மாசம் ஆன பையன் மட்டும் பெஞ்ச்ல பத்து பத்தா ஏத்தணுமாம்.

இந்த ஏத்து ஏத்து கலாச்சாரம் எங்க இருந்து வருதுனு யோசிச்சிருக்கேன். எங்க தெக்கத்திப் பக்கம் ஊர் மந்தையில இளவட்டக்கல் கிடக்கும், தூக்கித் தோள்ல வச்சுப் பின்னாடி போட்டவன்தான் ஆம்பள, அவனுக்குத்தான் பொண்ணுனு அந்தக் காலத்துல பேச்சு. இன்னைக்கும் பொங்கலுக்குப் பல ஊர்ல போட்டி நடக்குது, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம், அதைக் குறை சொல்லல. ஆனா கல்லுக்கு எடை மாறாது. தூக்கினா தூக்கினான், இல்லனா இல்ல, ஊரே பாத்துக்கிட்டு இருக்கும். பார்பெல்லோட அருமையே அதுல எடையை நம்ம இஷ்டத்துக்குக் கூட்டலாம் குறைக்கலாம்ங்கறதுதான், அதையும் இளவட்டக்கல் மாதிரியே நினைச்சுக்கிட்டு, சுத்தி நாலு பேர் நின்னு "மச்சான் இன்னும் ஒரு பிளேட் போடுறா"னு உசுப்பேத்தி விடறோம்.

இதுல ஒரு விஷயம் புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. முதல் சில வாரத்துல வெயிட் மடமடனு ஏறும், அது பெரும்பாலும் தசை வளர்ந்து இல்ல, இருக்கற தசையை எப்படி வேலை வாங்கறதுனு நரம்பு கத்துக்கறதால. தசையும் ஓரளவு சீக்கிரம் பழகிடும். தசையை எலும்போட பிடிச்சு வச்சிருக்கற தசைநாண் இருக்கு பாருங்க, அது பழகறதுக்கு இன்னும் நாள் ஆகும். அதனால "முடியுது, ஏத்துறேன்"னு தோணற நேரத்துலதான் முழங்கையும் தோள்பட்டையும் முதல்ல மாட்டிக்கும். அந்த நேரத்துல பழைய ஆள் ஒருத்தர் பக்கத்துல வந்து "தம்பி, இதே வெயிட்ல 12 ரெப் மூணு செட்டும் சுத்தமா வரட்டும், அடுத்த வாரம் ஏத்திக்கலாம்"னு சொன்னா அதுதான் அந்தப் பையனுக்குச் செய்யற பெரிய உதவி. 8 ரெப்ல ஆரம்பிச்சு மூணு செட்டும் 12 வர்ற வரைக்கும் அதே எடை, வந்ததும் கிடைக்கற சின்ன பிளேட் ஒரு ஜோடி, திரும்ப 8ல இருந்து. இவ்வளவுதான், இதுக்குப் பெரிய பிளான் எதுவும் வேணாம்.

இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல. இரண்டாம் உலகப் போர் சமயத்துல அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பாத்த தாமஸ் டிலோர்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர், 1945ல இதைப் பத்தி எழுதினார். ஒருத்தரால பத்து தடவை மட்டும் தூக்க முடியற எடை எதுனு பாத்து அதை வச்சு பயிற்சி, பலம் கூடக்கூட எடையும் கூடும். பின்னாடி அதையே மூணு செட்டா சுருக்கினாங்க, முதல் செட் அதுல பாதி, அடுத்தது முக்கால், கடைசி முழுசு. அளந்து பாத்து ஏத்தறதுதான் விஷயமே.

அளக்கணும்னா நோட்டு வேணும், போன்லயாவது எழுதி வைங்க. இன்னொண்ணு, உங்க ஜிம் பார் எத்தனை கிலோனு உறுதியாத் தெரியுமா? பளுதூக்கும் போட்டிக்கு வர்ற ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15. நம்மூர் ஜிம்ல கிடக்கறது எல்லாம் அப்படி இருக்கும்னு சொல்ல முடியாது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடை. ஒரு நாள் எடை பாக்கற மெஷின்ல பாரோட ஏறி நின்னு, உங்க எடையைக் கழிச்சுப் பாத்துடுங்க.

இப்ப ஸ்பாட்டர் விஷயம், அதாவது தூக்கறவர் மாட்டிக்கிட்டா பாரைப் பிடிக்கறதுக்காகப் பக்கத்துல நிக்கற ஆள். இதுல எனக்குக் கோவமே வரும். பெஞ்ச் பிரஸ் பண்றவனுக்குப் பின்னாடி ஒருத்தன் நிப்பான், முதல் ரெப்ல இருந்தே ரெண்டு கையும் பார்ல இருக்கும், "சூப்பர்டா, நீதான்டா, நீயேதான்டா"னு கத்திக்கிட்டே இவன் முதுகை வளைச்சு இழுத்துக்கிட்டு இருப்பான். கீழ இருக்கறவன் 80 அடிச்சேன்னு வீட்டுக்குப் போவான், மேல நின்னவனுக்கு அன்னைக்கு நல்ல பேக் ஒர்க்அவுட் ஆகியிருக்கும். நல்லெண்ணத்துல பண்றதுதான், ஆனா அந்தப் பையனோட கணக்கே தப்பாயிடுதே! அடுத்த வாரம் 82.5 போடுவான், அன்னைக்கு ஸ்பாட்டர் லீவு.

ஸ்பாட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க, எத்தனை ரெப் போறீங்க, பாரை எடுத்துக் குடுக்கணுமா. அப்புறம் கையை பாருக்குக் கீழ தொடாம வச்சுக்கங்க, பார் நின்னாலோ கீழ இறங்க ஆரம்பிச்சாலோ மட்டும் பிடிங்க, பிடிச்சா ரேக்ல உக்கார்ற வரைக்கும் விடாதீங்க. தொட்ட ரெப்பைத் தூக்கினவர் நோட்டுல எழுதக் கூடாது. ஸ்பாட்டர் இல்லாம தனியா பெஞ்ச் பண்றவங்க கட்டை விரலைச் சுத்திப் பிடிங்க, பிளேட் நழுவாம இருக்க பார் முனையில போடற கிளிப்பை மாட்டாதீங்க, மாட்டிக்கிட்டா ஒரு பக்கம் சாய்ச்சு பிளேட்டைக் கீழ விட்டுட்டு வெளிய வரலாம். பார் மேல விழாம தாங்கற சேஃப்டி பின் இருக்கற ரேக் கிடைச்சா அதுலயே பண்ணுங்க. யாரையாவது கூப்பிட்டு "அண்ணா, ஒரு செட் பாத்துக்கங்க"னு சொல்றதுல கூச்சமே வேணாம், நான் பாத்த வரைக்கும் கூப்பிட்டா வராத ஆள் இல்ல.

சாயங்காலக் கூட்டத்துல ஒரு ரேக்குக்கு நாலு பேர் காத்திருப்பாங்க, அப்ப சண்டை வர்றது ரெஸ்ட் டைம்லதான். கனமா ஸ்குவாட் பண்றவங்களுக்கு ரெண்டு மூணு நிமிஷம் ரெஸ்ட் வேணும், அது சோம்பேறித்தனம் இல்ல, அது இல்லனா அடுத்த செட்ல ரெப் குறையும். ஆனா அந்த மூணு நிமிஷமும் ரேக்ல சாஞ்சு ரீல்ஸ் பாத்துக்கிட்டு நின்னா காத்திருக்கறவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். "ப்ரோ, நடுவுல நானும் போட்டுக்கலாமா"னு கேட்டா முடிஞ்சது, இவர் அடிக்கும்போது அவருக்கு ரெஸ்ட், பிளேட் மாத்தறதுக்கும் ரெண்டு கை கூடக் கிடைக்கும். அதே ரேக்ல நின்னு பைசெப்ஸ் கர்ல் பண்றவங்க தயவுசெஞ்சு ரெண்டடி தள்ளி நின்னு பண்ணுங்க, கர்ல் எங்க வேணா பண்ணலாம், ஸ்குவாட் அங்க மட்டும்தான் பண்ண முடியும்.

முடிச்சதும் பிளேட்டைக் கழட்டறதைப் பத்திப் பல பேர் சொல்லிட்டாங்க, நான் ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். ஒரு பக்கம் முழுசாக் கழட்டிட்டு அடுத்த பக்கம் போகாதீங்க. ரேக்ல இருக்கற பார் ஒரு பக்கம் கனமாயிட்டா அப்படியே துள்ளி எகிறும், காலியான முனை பக்கத்துல நிக்கறவர் தாடையில அடிச்சா என்ன ஆகும்? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுனு மாத்தி மாத்திக் கழட்டுங்க. லெக் பிரஸ்ல இருபது இருபதா ஏத்திட்டு அப்படியே விட்டுட்டுப் போறவங்க, அடுத்து வர்றது முட்டி வலிக்கு டாக்டர் சொல்லி வர்ற ஒரு அம்மாவா இருக்கலாம், அவங்க அத்தனையும் இறக்கி வச்சாத்தான் ஆரம்பிக்கவே முடியும்.

பொம்பளைங்க விஷயத்துல இன்னும் வருத்தம். லேடீஸ் டைம்ல சின்ன கலர் டம்பெல்லைக் கையில குடுத்துட்டு, வெயிட் போட்டா உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்னு சொல்ற மாஸ்டர் இன்னும் இருக்காங்க. அப்படி எல்லாம் சுலபத்துல ஆகாது. அவங்களும் ஏத்தணும், சின்ன பிளேட் அவங்களுக்குத்தான் இன்னும் அதிகமாத் தேவை. எல்லாருக்கும் பொதுவான நேரத்துல வர்ற பொண்ணுங்ககிட்ட கேக்காம போய் ஃபார்ம் திருத்தாதீங்க, அவங்க செட் பண்ணும்போது கண்ணாடி வழியாப் பாக்காதீங்க, வீடியோ எடுக்கறதுனா உங்க ஃப்ரேம்ல அவங்க வராத மாதிரி போனை வைங்க. இதுக்காகவே ரெண்டே மாசத்துல நின்னு போனவங்களை எனக்குத் தெரியும், அதுல ஒருத்தர் டெட்லிஃப்ட் அழகாப் பண்ணுவாங்க.

எங்க ஜிம்ல நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒண்ணேகால் ரெண்டு ஜோடி, அரைக் கிலோ ஒரு ஜோடி வாங்கித் தர்றோம்னு சொல்லியிருக்கோம். மாஸ்டரும் சரின்னுட்டார், ரேக் பக்கத்துச் சுவர்லயே ஆணி அடிச்சு மாட்டிடலாம், காணாமப் போனா கண்ணுக்குத் தெரியும்னு அவர் யோசனை. உங்க ஜிம்லயும் கேட்டுப் பாருங்க, ஓனருக்கு இது பெரிய செலவு இல்ல. குதிகாலுக்கு முட்டு வேணும்னா ஒரு மரக்கட்டை போதும், அதையும் நாங்களே கொண்டு வந்து வைக்கறோம்.