‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதுமா?

காரைக்குடிப் பக்கம் விடுதியாக மாறியிருக்கும் வீடுகளின் விளம்பரங்களைப் பார்த்தால், ஆத்தங்குடித் தரை பளபளக்கும் ஒரே வளவும் (உள்முற்றமும்) ஒரே தேக்குத் தூண் வரிசையும் வெவ்வேறு விடுதிகளின் பெயரில் வந்துகொண்டிருக்கின்றன. மூலையில் இருந்த புகைப்படக்காரரின் பெயரை வெட்டிவிட்டு, கீழே ‘நன்றி: இணையம்’ என்று போட்டிருப்பார்கள். நன்றி சொல்வது அனுமதி வாங்கியதாக ஆகாது.

“எங்க வீட்டத்தானே எடுத்தாக, அப்ப படமும் எங்களதுதானே?” என்று ஆச்சி ஒருவர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கட்டடத்தைப் படமெடுப்பது அதன் பதிப்புரிமையை மீறுவதாகாது. வீடு எத்தனை பங்காளிகளுக்குச் சொந்தமானாலும் (அந்தக் கணக்கு தனிக்கதை), படத்தின் உரிமை எடுத்தவருடையது. வீட்டுக்காரரே பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், உரிமை அவருக்குப் போகும். பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டுகளும் படத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

மீறினால் உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம். தெரிந்தே மீறினால் அது குற்றமும்கூட: 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்கு நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். அறை வாடகைக்கு விட விளம்பரம் செய்பவர் அந்தச் சலுகையைக் கேட்பது கடினம். இக்குற்றத்தில் பிடியாணையின்றிக் கைது செய்யலாம், பிணை உரிமையாகக் கிடைக்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. பெயரை வெட்டி எடுத்தவர் ‘தெரியாமல் செய்தேன்’ என்று எப்படிச் சொல்வார்?

ஒரு படத்துக்காக யாரும் சிறைக்குப் போக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஆனால் ‘கலை எல்லோருக்கும் பொது’ என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்த நம் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், 1949இல் அதை அரசுக்குப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். உரிமை கையில் இருந்தவர் மனமுவந்து கொடுத்தது அது, அடுத்தவர் எடுத்துக்கொண்டதல்ல.

விடுதி நடத்தும் நண்பர்கள் படமெடுத்தவரை அழைத்து, எந்த விளம்பரத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு என்று பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலத்தைக் குறிப்பிடாமல் எழுதினால், சட்டம் அதை 5 ஆண்டு என்றே கொள்ளும்.