காஞ்சனாவுக்கு முன்பே முனி

மேலே ஒரு தம்பி, "தமிழில் பேய் என்றாலே வில்லன்தான். பேயை நல்லவராகவும் ஹீரோவைப் பயந்தாங்கொள்ளியாகவும் முதலில் காட்டியது 2011இல் வந்த 'காஞ்சனா' படம்" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை தம்பி.

2007இலேயே 'முனி' வந்துவிட்டது. அதிலும் ஹீரோ ராகவா லாரன்ஸ் இருட்டினால் நடுங்குகிறவர்தான். அவர் உடம்பில் ஏறும் பேய், அரசியல்வாதியை நம்பி மோசம்போன ஒரு நல்ல மனுஷன். வில்லன் உயிரோடு இருக்கும் அந்த அரசியல்வாதிதான். பேயாக நடித்த ராஜ்கிரண் நம்ம கீழக்கரைக்காரர், அதையாவது ராமநாதபுரத்து ஆட்கள் மறக்கலாமா!

'காஞ்சனா'வின் பெருமை வேறு. அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கைக்கு மொத்தத் தியேட்டரையும் கைதட்ட வைத்தது. சரத்குமார் சேலையில் வந்து தன் கதையைச் சொல்லும்போது எங்கள் ஊர்த் தியேட்டரில் விசில் நின்றுபோனது. என் பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அப்புறம், தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்' என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். 1964 டிசம்பர் புயலில் போனவர்கள் எங்கள் சனங்கள். வள்ளம் அந்தக் கரையைத் தாண்டும்போது அப்பா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுவார். அவர்களை வில்லனாக்காதீர்கள்.