ஞானஸ்நானத்தோடு தேடல் முடிந்துவிடுமா?

கிறிஸ்தவத் தமிழ்க் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பற்றி நீங்கள் வெளியிட்டிருந்தது நல்ல கட்டுரை. ஆனால் அதில், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றதோடு அவருடைய தேடல் முடிந்தது என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர், முப்பதைத் தாண்டிய வயதில் கிறிஸ்தவரானார். அவருடைய காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் வந்தது 1894-ல். நடுவில் முப்பத்தாறு வருஷம்! ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் புராகிரஸ்' கதையைக் கம்பன் வழியில் காப்பியமாக்கியவரைச் சும்மாவா 'கிறிஸ்தவக் கம்பர்' என்கிறார்கள்? படித்த கம்பனையும் ஆழ்வார்களையும் அவர் வாசலிலேயே விட்டுவிட்டு வரவில்லை, கூடவே அழைத்து வந்தார்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். ஒருமுறை கிருஷ்ண பிள்ளையின் 'சத்தாய் நிஷ்களமாய்' பாடிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அண்ணன், மாரியம்மன் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர், கையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) பொட்டலத்தோடு அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடைபாதையில், நின்று கேட்டார். "என்ன தம்பி, 'பொன்னார் மேனியனே' மாதிரியே போகுது!" என்றார். அப்புறம் உள்ளே வந்து சுந்தரர் பாட்டைப் பாடியும் காட்டினார். சந்தம் மட்டுமா? 'உன்னையல்லால் வேறு யார்' என்ற ஏக்கமும் இரண்டிலும் ஒன்றுதான். பாஸ்டர் முகம் கொஞ்சம் மாறியது, அது வேறு கதை.

இந்தப் பக்கத்தைத்தான் கட்டுரை தொடவே இல்லை. அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் அவருடைய பாடல் நூலான இரட்சணிய மனோகரத்திலிருந்து நாலு பாட்டாவது முழுசாகப் போடுங்கள். இங்கே இளசுகளுக்கு கீபோர்டு கோரஸ் தவிர வேறெதுவும் தெரியாது.