பாஸ்போர்ட்டைப் பார்த்தா டீச்சரை எடுப்பது?

நேற்றிலிருந்து எல்லாரும் பகிரும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நானும் பார்த்தேன். பாங்காக் பள்ளி, ஆங்கில ஆசிரியர் வேலை, விண்ணப்பித்த நம்ம ஊர்ப் பெண்ணுக்கு ஒற்றை வரிப் பதில்: "நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்", அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும். தாய்லாந்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது புதிதில்லை. இங்கே வேலை பார்க்கும் எந்த இந்திய, பிலிப்பைன்ஸ் டீச்சரைக் கேட்டாலும் இப்படி ஒரு பதிலைப் போனிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு ஆறாதது, அதற்குக் கீழே நம்மவர்கள் எழுதியதுதான். "அவங்க சொல்றது நியாயம்தானே, நம்ம இங்கிலீஷ் அப்படி." கூடவே சிரிப்பு எமோஜிகள்.

எது நியாயம்? ஆங்கிலம் பேசுவது வேறு, ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது வேறு. தமிழ் பேசும் எல்லாரையும் தமிழ் வாத்தியார் ஆக்கிவிடுவோமா?

தென் கொரியா வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா என்று 7 நாடுகள். அந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்தால் எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கியிருந்தாலும் போதும். இந்தியர்களுக்கு 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா வர்த்தக ஒப்பந்தத்தால் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஆனால் டிகிரியோடு ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். தாய்லாந்திலும் எங்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்கிறார்கள். சரி, எழுதுகிறோம், வாங்குகிறோம். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்று அந்த நேட்டிவ் ஸ்பீக்கர்களிடமும் ஒருமுறை கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என்னுடைய முதல் பள்ளியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். கடல் உயிரியல் படித்தவன். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு, ஒரே புத்தகம். மறுநாள் நடத்த வேண்டிய இலக்கணத்தை முந்தின நாள் சாயங்காலம் என் மேசைக்கு வந்து கேட்டுக்கொண்டு போவான். சம்பளம் மட்டும் அவனுக்கு அதிகம். ஏன் என்று கேட்டதற்கு ஒருங்கிணைப்பாளர் அம்மா சங்கடத்தோடு சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"உச்சரிப்பு முக்கியம் இல்லையா?" என்று கேட்பீர்கள். முக்கியம்தான். உச்சரிப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிவதும் முக்கியம். தாய்லாந்துக் குழந்தைகளுக்குச் சொல்லின் கடைசியில் 'ஸ்' வராது. 'ஹவுஸ்' என்று எழுதியிருப்பதை 'ஹவ்' என்று படிப்பார்கள். நம் குழந்தைகள் 'ஹவுஸு' என்பார்கள். அங்கே ஒலி விழுந்துவிடுகிறது, இங்கே ஒன்று கூடிவிடுகிறது. நான் பிள்ளைகளை உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்வேன். கடைசியில் காற்று கையில் பட வேண்டும். பட்டால் சிரிப்பார்கள், பக்கத்துப் பையன் கையில் ஊதிக் காட்டுவார்கள். இதை நான் தெரிந்துகொண்டது, பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்து ஒவ்வொரு ஒலியையும் நானே தட்டுத்தடுமாறிக் கற்றதால். பிறந்ததிலிருந்து அந்த ஒலியோடு வளர்ந்தவருக்கு அது எங்கே சிக்கும் என்று எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று ஆங்கில ஆசிரியர் பயிற்சி எங்கே எடுத்தாலும் 'டாஸ்க்', அதாவது செய்து முடிக்க ஒரு வேலை கொடுத்துப் பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு வித்திட்ட முக்கியமான முயற்சி, நம் நாட்டு ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம். பெங்களூரு, சென்னை, கடலூர் என்று நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நடந்தது. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, கணக்குப் போட வைத்து, அதன் வழியாகவே ஆங்கிலம் வர வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா இன்று அமெரிக்காவில் இந்தத் துறையின் பெரிய பேராசிரியர்களில் ஒருவர். உலக ஆங்கில ஆசிரியர்களின் சங்கமான டெசோல், தாய்மொழியைக் காரணம் காட்டி ஆசிரியர்களை ஒதுக்கக்கூடாது என்று 2006-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. இதெல்லாம் தெரியாமல் "நம்ம இங்கிலீஷ் அப்படி" என்கிறீர்கள்.

"பெற்றோர் வெள்ளைக்கார முகத்துக்குத்தானே பணம் கட்டுகிறார்கள்" என்கிறார் ஒருவர். கட்டட்டும். அப்படியானால் அதைத் தகுதி என்று சொல்லாதீர்கள்.

"பிடிக்கவில்லை என்றால் ஊருக்கு வந்து சொல்லிக்கொடு" என்கிறார் இன்னொருவர். அண்ணே, ஊரில் தனியார் பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அங்கே என்ன சம்பளம் தருகிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே யாராவது டீச்சர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிழைக்க வந்த இடத்தில் மரியாதை கேட்டால் அதுவும் குற்றமா? வெளியே ஒருத்தர் ஒதுக்கினால் தாங்கிக்கொள்ளலாம். சொந்த மொழிக்காரர்களே பக்கத்தில் நின்று சிரிப்பதை எங்கே போய்ச் சொல்வது?

இந்த ஏளனத்தை வைத்துத்தான் ஏஜென்டுகளும் காசு பார்க்கிறார்கள். "உங்க இங்கிலீஷுக்கு நேரா வேலை கிடைக்காது, நாங்க பார்த்துக்கிறோம்" என்று பணத்தை வாங்கிக்கொண்டு, டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த விசாவில் இங்கே வேலை செய்வது சட்டவிரோதம். வேலைக்கு வருபவர்களுக்கான 'நான்-பி' (Non-B) விசாவும் ஒர்க் பெர்மிட்டும் இல்லாமல் பிடிபட்டால் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

அந்த ஒற்றை வரிப் பதிலை வாங்கிய தங்கச்சி, நீ இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். பாங்காக்கை மட்டும் பார்க்காதே. நான் இருக்கும் கோராட் மாதிரி வெளியூர்களில் பள்ளிகள் மே மாதம் திறக்கும், மார்ச், ஏப்ரலில் ஆள் தேடுவார்கள். சான்றிதழ் வாங்குவதாக இருந்தால் நிஜ மாணவர்கள் முன்னால் பாடம் நடத்த வைக்கும் பயிற்சியாகப் பார். செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியில் 6 மணி நேரம் அப்படி நடத்த வேண்டும், பயிற்சியாளர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். நேர்முகத்தில் டெமோ கிளாஸ் கேட்டு வாங்கு. விசாவை யார் எடுத்துத் தருகிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாம்மா, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் இருப்பேன்.